பிரசவ அறையில் ஒரு துணை: தாதியர் அளந்து காட்டிய உண்மை

1958 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' என்னும் பெண்கள் சஞ்சிகையில் பிரசவ விடுதிகளில் இடம்பெறும் கொடுமைகள் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. முந்திய ஆண்டு நவம்பரில் அதே சஞ்சிகை பிரசுரித்த சிறியதொரு வாசகர் கடிதமே அக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்தது. கடிதத்தை எழுதியவர் தமது பெயரை வெளியிடவில்லை. பதிவுபெற்ற தாதி என்று மட்டும் ஒப்பமிட்டிருந்தார். பிரசவ அறைகளில் பெண்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்து எழுதுங்கள் என்பதே அவரது வேண்டுகோள். அதனைத் தொடர்ந்து நாடெங்கிலுமிருந்து தாய்மாரின் கடிதங்கள் வந்து குவிந்தன. கைகளும் கால்களும் வாரினால் கட்டப்பட்ட நிலையில் மணிக்கணக்காகக் கிடந்ததைச் சிலர் எழுதினர். வைத்தியர் வந்து சேரும்வரை பிள்ளை பிறவாதவாறு தடுத்து வைக்கப்பட்டதை வேறு சிலர் எழுதினர். ஆனால் கடிதத்துக்குக் கடிதம் திரும்பத் திரும்ப வந்த முறைப்பாடு ஒன்று உண்டு: தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பதே அது.

வலியைப் பற்றி மட்டுமே முறையிட்டிருந்தால் அது மருந்துக் கம்பனிகளின் காதுகளுக்கு எட்டியிருக்கும். தனிமைக்கு மருந்துக் கம்பனி கிடையாது. தனிமை ஒரு நோய்க்காரணி என்பதையும், துணை ஒரு சிகிச்சை என்பதையும் எண்ணிக்கையில் நிறுவுவதற்கு இன்னும் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் சென்றன. அதனை நிறுவியதில் பெரும்பங்கு தாதியரைச் சாரும். அந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்படவில்லை.

பழைய காலத்தைப் பொற்காலமாக்கும் நோக்கம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளறையில் மருத்துவிச்சியும் தாயும் பெரியம்மாவும் சூழ்ந்திருக்கப் பிள்ளை பெற்ற காலத்தை நினைவுகூர்ந்து உருகுபவர்கள், அந்த அறைகளிலிருந்து எத்தனை பெண்கள் உயிருடன் வெளிவரவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். இலங்கையில் 1930களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் நடுப்பகுதியில் அத்தொகை ஐந்நூறுக்கும் கீழே இறங்கியது. அண்மைய தசாப்தங்களில் அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டதாக இருந்து வந்துள்ளது. 1879 இல் கொழும்பில் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ வைத்தியசாலை, 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, அதன்பின் கிராமம் கிராமமாக நடந்து சென்ற மருத்துவமாதர் ஆகிய மூன்றையும் தவிர்த்து இந்த வீழ்ச்சியை விளக்க முடியாது. ஏழை நாடொன்று இதனைச் சாதித்தது எவ்வாறு என்று உலக வங்கி 2003 இல் தனி நூலே வெளியிட்டது.

ஆகவே பெண்கள் வைத்தியசாலைக்குச் சென்றது சரியே. அவர்களுடன் வந்தவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டதுதான் பிழையாயிற்று.

வைத்தியசாலையே எப்போதும் பாதுகாப்பான இடமாக இருந்ததுமில்லை. இதனை முதன்முதலில் எண்களால் எச்சரித்தவர்களில் ஒருவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். கைவிளக்கேந்திய சீமாட்டியாகப் பாடப்புத்தகங்களில் உறைந்துபோன அவரை, புள்ளிவிபரவியலாளராக நம்மில் பலர் அறிய மாட்டோம். லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவமாதர் பயிற்சிக்கென அவரது நிதியத்தின் உதவியோடு 1861 இல் ஆரம்பிக்கப்பட்ட பிரசவ விடுதி, பிரசவச் சன்னி காவுகொண்ட உயிர்களின் காரணமாக 1867 இல் மூடப்பட்டது. தமது சொந்தத் திட்டத்தின் தோல்வியை அவர் மூடி மறைக்கவில்லை. ஐரோப்பிய பிரசவ இல்லங்களின் மரணக் கணக்குகளைத் திரட்டி 1871 இல் நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு வைத்தியர் லெ போர் தொகுத்த கணக்கின்படி, அத்தகைய நிறுவனங்களில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 34 தாய்மார் இறந்தனர். வீட்டில் பெற்றவர்களிடையே அது ஐந்திலும் குறைவு. அந்த நூலை நைற்றிங்கேல் சோக்கிரதீசின் தாயாருக்குச் சமர்ப்பித்தார். அந்த அம்மையாரும் ஒரு மருத்துவிச்சியே.

கைகழுவுதலும் கிருமிநீக்கமும் பின்னர் குருதியேற்றமும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வந்து வைத்தியசாலைப் பிரசவத்தைப் பாதுகாப்பானதாக்கின. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரே வைத்தியசாலையில் பிள்ளை பெற்றனர். நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும் ஏறக்குறைய எல்லோரும் அங்கேயே பெற்றனர். இந்த இடப்பெயர்வை விரைவுபடுத்தியவற்றுள் ஒன்று, ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் உருவான 'அந்தி உறக்கம்' என்ற முறை. மோர்பினும் ஸ்கொபொலமீனும் சேர்த்து ஏற்றப்பட்ட பெண், வலியை உணர்வாள், பின்னர் மறந்துவிடுவாள். மறதிதான் அதன் சிறப்பு. மயக்கத்தில் புரண்டு விழாதிருக்கக் கட்டிலில் கட்டி வைத்தார்கள். விந்தை என்னவென்றால், 1914 இல் இதனை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும்படி ஊர்வலம் போகாத குறையாகப் போராடியவர்கள் பெண்ணுரிமையாளர்களே. அவர்களுள் முன்னணியில் நின்ற புரூக்ளின் பெண்மணி ஒருவர் மறு ஆண்டு பிரசவத்தில் குருதி பெருகி இறந்தார். மருந்துக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் கூறினர். ஆயினும் இயக்கம் சோர்ந்தது. மயக்கமும் வாரும் மட்டும் தங்கிவிட்டன. மயங்கிக் கிடப்பவளுக்குத் துணை எதற்கு என்ற எண்ணம் விடுதிகளில் வேரூன்றியது. 1958 இன் கடிதங்கள் அந்த வேரிலிருந்து முளைத்தவை.

துணையின் பெறுமதி எதிர்பாராத இடமொன்றிலிருந்து வெளிப்பட்டது. குவாத்தமாலாவில், சமூகப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரிய வைத்தியசாலையொன்றில், அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர்களான மார்ஷல் கிளவுஸ், ஜோன் கென்னெல் ஆகியோர் உள்ளூர் சகாக்களுடன் ஓர் ஆய்வை நடத்தினர். நெரிசல் மிக்க விடுதி. உறவினருக்கு அனுமதி இல்லை. முதற் பிள்ளைக்காக வந்த பெண்கள் சிலருக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் ஒரு துணைப்பெண் ஒதுக்கப்பட்டாள். அவள் உறவுமல்ல, தாதியுமல்ல, முன்பின் அறியாதவள். முதுகைத் தடவினாள், கையைப் பிடித்தாள், பேசினாள், விட்டுப் போகாதிருந்தாள். 1980 இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒவ் மெடிசின்' இதழில் முடிவு வெளியாயிற்று. சிக்கலின்றிப் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, துணையில்லாதவர்களின் நோவு சராசரி 19.3 மணித்தியாலம் நீடித்தது. துணையுள்ளவர்களுக்கு அது 8.7 மணித்தியாலமே. ஒவ்வொரு பக்கத்திலும் இருபது பேர் மாத்திரமே என்பதால் ஐயுற இடமிருந்தது. 1986 இல் அதே நாட்டில் பெரியதொரு ஆய்வு நடந்தது. துணையற்றோரில் 17 சதவீதமானோருக்குச் சிசேரியன் தேவைப்பட்டது. துணையுள்ளோரில் அது 7 சதவீதம்.

இந்தத் துணைப்பெண்ணுக்கு 'டூலா' என்று பெயர் வைத்தார்கள். மானிடவியலாளர் டானா ரபேல் 1973 இல் தமது நூலொன்றில் வழக்குக்குக் கொண்டுவந்த கிரேக்கச் சொல் அது. பணிப்பெண் என்று மென்மையாக மொழிபெயர்ப்பார்கள். பழங்கிரேக்கத்தில் அதன் பொருள் அடிமைப்பெண். பெண்கள் பெண்களுக்குச் செய்துவந்த மிகப் பழைய உதவிக்கு இதைவிட நல்ல சொல்லொன்று அகப்படவில்லையே என்று எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

1991 இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் ஏழைகளுக்கான அரச வைத்தியசாலையொன்றில் கென்னெல் குழுவினர் நடத்திய ஆய்வில் நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்தது. பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு டூலா. மற்றொன்றுக்கு வழமையான பராமரிப்பு. மூன்றாவது குழுவுக்கு அவதானிப்பாளர் ஒருத்தி. அவள் கட்டிலுக்கு அப்பால் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள், பேசமாட்டாள், தொடமாட்டாள். சிசேரியன் விகிதம் வழமைக் குழுவில் 18 சதவீதம், டூலா குழுவில் 8 சதவீதம். வாய்பேசாது மூலையில் இருந்தவளின் குழுவில் 13 சதவீதம்! ஒருத்தி அந்த அறையைவிட்டுப் போகாமல் இருந்தாள் என்பதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

இந்த இடத்தில் அயர்லாந்தையும் குறிப்பிட வேண்டும். டப்ளின் தேசிய பிரசவ வைத்தியசாலையில் கீரன் ஓ'டிரிஸ்கல் என்னும் வைத்தியர் 1960களிலிருந்து புதிய முறையொன்றைக் கடைப்பிடித்தார். நீர்க்குடத்தை உடைத்து, ஒக்சிரோசின் ஏற்றி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் பிரசவத்தை முடிப்பது. உலகெங்கும் அது புகழ்பெற்றது. பிறநாட்டு வைத்தியசாலைகள் பல அதனைப் பின்பற்றியும் டப்ளினின் குறைந்த சிசேரியன் விகிதம் அவற்றுக்குக் கிட்டவில்லை. ஏனென்றால் டப்ளினில் நான்காவதாக ஒரு விதியும் இருந்தது: அனுமதிக்கப்பட்ட கணம் முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தாதி, பிள்ளை பிறக்கும்வரை அவளைவிட்டு அகலாதிருப்பாள் என்ற உறுதிமொழி. மருந்தையும் ஊசியையும் இரவல் வாங்கியவர்கள் தாதியை விட்டுவிட்டார்கள். இருக்கும் சான்றுகளை 1994 இல் பரிசீலித்த பிரித்தானிய வைத்தியர்கள் இருவர், அந்தப் பொதியில் பயன் தந்தது பெரும்பாலும் அந்தத் துணையே என்ற முடிவுக்கு வந்தனர். சமையற் குறிப்பிலிருந்து உப்பை மட்டும் நீக்கிவிட்டு ருசியில்லை என்று முறையிட்ட கதைதான்.

இதுவரை நான் கூறியவர்களில் பலர் வைத்தியர்கள். கேள்வியைத் தாதியர் தம் கையில் எடுத்துக்கொண்ட இடம் கனடாவின் ரொறன்ரோ.

ரொறன்ரோ பல்கலைக்கழகத் தாதியர் பீடத்தைச் சேர்ந்த எலன் ஹொட்னெற், 1989 இல் தமது முதல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். நூறு பெண்களுக்குச் சற்று மேற்பட்ட சிறிய ஆய்வு. தொடர்ச்சியான தொழில்முறைத் துணை பெற்றவர்கள் வலிநிவாரணிகளைக் குறைவாகவே நாடினர் என்பது அதிற் கண்ட விடயங்களுள் ஒன்று. ஹொட்னெற் அதனோடு நிற்கவில்லை. ஆதரவளிப்பது எமது பணியின் இதயம் என்று தாதியர் எங்கும் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆதரவளிக்கிறார்கள் என்று அவரும் சகாக்களும் கேட்டனர். 1992 இல் வெளியான அந்த ஆய்வின் முறை, தொழிற்சாலைகளிலிருந்து இரவல் பெறப்பட்டது. எழுந்தமானமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நேரங்களில் அவதானிப்பாளர் விடுதிக்குள் சென்று, அந்தக் கணத்தில் ஒவ்வொரு தாதியும் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைப் பதிவுசெய்வார். பல நூறு தடவை இவ்வாறு பதிந்தால் நாளின் வடிவம் தெரிந்துவிடும். தேற்றுதல், தொட்டு ஆறுதல் அளித்தல், விளக்கிக் கூறுதல், பெண்ணுக்காகப் பரிந்து பேசுதல் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தபோது, தாதியரின் நேரத்தில் 9.9 சதவீதமே அவற்றுக்குச் சென்றது. 1996 இல் மொன்றியலில் வேறொரு குழுவினர் இதே முறையில் அளந்தபோது அது 6.1 சதவீதம்.

தமது தொழிலைப் பற்றித் தாமே இவ்வாறான எண்களை வெளியிடுவதற்குத் துணிவு வேண்டும். பத்திரிகைத் துறையில் எத்தனையோ ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: ஆசிரிய பீடத்தின் நேரத்தில் எத்தனை வீதம் செய்தி சேகரிப்பில் செலவாகிறது என்று எவரும் அளந்து பிரசுரித்ததாக நான் அறியேன். அந்த எண்களைக் கண்டு தாதியரைக் குறைகூறுவதும் தவறு. எஞ்சிய நேரம் தேநீர் அறையில் கழிந்துவிடவில்லை. இதயத்துடிப்புக் கருவியின் தாள்சுருளைப் பார்ப்பது, பதிவேடு எழுதுவது, தொலைபேசிக்குப் பதிலளிப்பது, உபகரணம் தேடுவது என்று அது கரைந்தது. கருவி வந்தபின் தாதியின் கண் பெண்ணின் முகத்திலிருந்து திரைக்கு மாறியது. எழுதப்படாத பணி செய்யப்படாத பணி என்று கருதப்படும் நிறுவனத்தில், நெற்றி வியர்வையைத் துடைத்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்த ஆண்டுகளில் ரொறன்ரோவின் பிரசவ விடுதிகளுக்கு நமது பெண்களும் சென்றனர். 1983 க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த இளந் தம்பதியர் பலரின் முதற் பிள்ளைகள் அந்த நகரத்திலேயே பிறந்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வருவது ஊர் வழக்கம். விசா கிடைக்காமையாலும் பாதை திறவாமையாலும் பல அம்மாமார் வரவில்லை. சரக்குத்தூள் மட்டும் பார்சலில் வந்தது. துணை என்பதன் மதிப்பை அளந்துகொண்டிருந்த அதே நகரத்தில், துணை என்ற சொல்லின் முழுப் பொருளையும் இழந்த பெண்கள் மொழிபுரியாத அறைகளில் பெற்றெடுத்தார்கள். இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு அது வரலாறல்ல, ஞாபகம்.

அதே காலத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு சான்று வந்தது. ஜொகனஸ்பேர்க்கின் கொரோனேஷன் வைத்தியசாலையில், மருத்துவப் பயிற்சி எதுவுமற்ற தொண்டர் பெண்களைத் துணையாக நிறுத்தி ஜஸ்ரஸ் ஹொவ்மெயர் குழுவினர் நடத்திய ஆய்வு 1991 இல் வெளியாயிற்று. நிறவெறி ஆட்சியின் பாகுபாட்டில் 'கலப்பினத்தவர்' என்றும் இந்தியர் என்றும் வகுக்கப்பட்டோருக்கான வைத்தியசாலை அது. பின்னர் 2008 இல், நிறவெறிக்கு எதிரான 1956 ஆம் ஆண்டுப் பெண்கள் பேரணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ரஹீமா மூசாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. குவாத்தமாலாவைப் போலன்றி, இங்கு நோவின் நேரம் குறையவில்லை. ஆனால் ஆறு வாரம் கழித்துச் சென்று பார்த்தபோது, துணை பெற்றவர்களில் 51 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தனர்; மற்றவர்களில் 29 சதவீதமானோரே. மனச்சோர்வின் அளவும் துணை பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது. சில மணித்தியாலத் துணையின் பலன் ஆறு வாரம் கடந்தும் நின்றது என்பது இன்றும் வியப்புக்குரியது.

இனி, இந்த வரலாற்றின் மிக முக்கியமானதாக நான் கருதும் கட்டம்.

1990களின் இறுதியில் ஆதரவுச் சான்றுகள் பெருகியிருந்தன. தாதியருக்கு முறையாகப் பயிற்சியளித்து அவர்களையே தொடர்ச்சியான துணையாக்கினால் சிசேரியன் குறையும் என்பது பலரது எதிர்பார்ப்பு. அதனைச் சோதிப்பதற்கு ஹொட்னெற் தலைமையில் மாபெரும் ஆய்வொன்று திட்டமிடப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 வைத்தியசாலைகள். 1999 மே முதல் 2001 மே வரை 6,915 பெண்கள். தாதியருக்கு இரண்டு நாள் பயிற்சி. ஒரு பாதிப் பெண்களுக்கு அவ்வாறு பயின்ற தாதியின் இடைவிடாத துணை, மறு பாதிக்கு வழமையான பராமரிப்பு. 2002 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. தொடர்துணைக் குழுவில் சிசேரியன் 12.5 சதவீதம். வழமைக் குழுவில் 12.6 சதவீதம்.

வேறுபாடு இல்லை. நோவின் நேரத்திலும் இல்லை, பிந்திய மனச்சோர்விலும் இல்லை.

தமது வாழ்நாள் உழைப்பின் உச்சமாக அமைந்திருக்க வேண்டிய ஆய்வின் முடிவை ஹொட்னெற் பூசி மெழுகவில்லை. வழமையாகவே தலையீடுகள் மலிந்த வைத்தியசாலைகளில், தாதியரின் தொடர்துணை சிசேரியனின் சாத்தியத்தை மாற்றுவதில்லை என்று வெளிப்படையாக எழுதினார். நைற்றிங்கேலின் மரபு அதுவே. ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு தரவும் உண்டு. அடுத்த பிரசவத்தில் எவ்வளவு தாதித் துணை வேண்டும் என்று கேட்டபோது, பதில்கள் தொடர்துணைக் குழுவுக்குச் சார்பாகவே அமைந்தன. பெண்களுக்கு அது வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக் கணக்கில்தான் அது தெரியவில்லை.

இதற்கு என்ன விளக்கம்? அந்த விடுதிகளில் பெரும்பாலான பெண்களுக்கு முதுகில் எபிடியூரல் ஊசி, கையில் சேலைன், வயிற்றில் இதயத்துடிப்புப் பட்டி. எழுந்து நடமாட வழியில்லை. தாதி அருகில் இருந்தாலும் அவள் அந்த விடுதியின் ஊழியை. விடுதியின் கடிகாரமும் விதிகளும் அவளையும் கட்டுப்படுத்தும். 2003 இல் ஹொட்னெற் குழுவினர் கொக்ரேன் அமைப்புக்காக 15 ஆய்வுகளை, 12,791 பெண்களின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது இது தெளிவாகியது. துணையின் பலன் மூன்று நிலைகளில் கூடுதலாக இருந்தது: துணை நிற்பவர் வைத்தியசாலையின் பணியாளராக இல்லாதபோது, எபிடியூரல் வழமையாக்கப்படாத இடத்தில், நோவு தொடங்கிய சற்று நேரத்திலேயே துணை வந்துவிடும்போது. அதாவது துணை என்பது தொழில்நுட்பத் திறன் மட்டுமல்ல. அது யாருடைய பக்கம் நிற்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது. எனது வாசிப்பில், தாதியர் ஆய்வு தந்த மிகக் கசப்பான, மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுவே. நல்ல மனமுள்ள தாதியைக்கூட நிறுவனம் விழுங்கிவிடும் என்று தாதியொருவரே நிறுவிக் காட்டினார்.

அந்தப் பரிசீலனை காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டது. 2017 இல் மெகான் போரன் தலைமையில் வெளியான பதிப்பு 17 நாடுகளைச் சேர்ந்த 15,858 பெண்களை உள்ளடக்கியது. தொடர்துணை பெற்றோரில் சிசேரியனின் சாத்தியம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நோவின் நேரம் சராசரி நாற்பது நிமிடமளவில் குறைந்தது. பிரசவ அனுபவத்தைக் கசப்புடன் நினைவுகூர்வோர் தொகையும் குறைந்தது. தீங்கு எதுவும் காணப்படவில்லை. 2018 இல் உலக சுகாதார நிறுவனம், பெண் தானே தெரிவுசெய்யும் துணையொன்றை அனைவருக்கும் பரிந்துரைத்தது.

ஹொட்னெற் 2002 இல் செய்த மற்றொரு தொகுப்பாய்வையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. பிரசவத்தைப் பெண்கள் திருப்தியுடன் நினைவுகூர்வதைத் தீர்மானிப்பது எது என்பது கேள்வி. வலியின் அளவு என்றே எவரும் நினைப்பர். வலியையும் மருந்தையும் வயதையும் மிஞ்சி நின்றவை நான்கு: அவளது எதிர்பார்ப்புகள், பராமரிப்போர் தந்த ஆதரவு, அவர்களுடனான உறவின் தரம், முடிவுகளில் அவளுக்கிருந்த பங்கு. பெற்று முடிந்தபின்னும் ஆதரவு வேலை செய்கிறது என்பதற்கும் சான்றுகள் சேர்ந்தன. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு ஏற்படும் அபாயத்திலிருந்த 701 தாய்மாரிடையே, அதே ரொறன்ரோ தாதியர் பீடத்தின் சிண்டி-லீ டெனிஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அதனை முன்பு அனுபவித்து மீண்ட சாதாரணத் தாய்மார் தொலைபேசியில் உரையாடினர். பன்னிரண்டு வாரத்தில் மனச்சோர்வுக்குரிய புள்ளிகளைப் பெற்றோர் உரையாடற் குழுவில் 14 சதவீதம், மற்றதில் 25 சதவீதம்.

நமது பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரச வைத்தியசாலைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணையொருவரை அனுமதிக்கும் திட்டத்தை 2004 இல் கொண்டுவந்தது. இந்திய மத்திய அரசு அதனை நாடளாவிய கொள்கையாக அறிவித்தது 2016 இல். உறவுக்காரப் பெண் என்ற வரையறை, திரையில்லாத பொதுவிடுதியில் ஆண்கள் நுழைவதற்கான ஆட்சேபத்தை ஓரளவு தீர்த்துவைத்தது. கணவன்மாரை ஒதுக்கியது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் கட்டடம் மாறும்வரை காத்திருக்கவில்லை என்பதே அதன் சிறப்பு.

இலங்கையின் நிலை விசித்திரமானது. கருவுற்ற நாள் முதல் வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாது, ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட பிரிவில் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அறிவாள். பிள்ளை பிறந்தபின்னும் அவள் வருவாள். அதற்கு இடைப்பட்ட அந்த ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு முகமும் தெரியாத நாளாகிவிடுகிறது. கொழும்பு மாவட்ட அரச மருத்துவ நிலையங்களில் பெண்களினதும் மருத்துவமாதரினதும் அனுபவங்களைக் கேட்டறிந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஏச்சும் அடியும் புறக்கணிப்பும் பிரசவ அறைகளில் இடம்பெறுவதை இரு தரப்பாரின் வாய்மொழியாகவே பதிவுசெய்தது. 1958 இன் அமெரிக்கக் கடிதங்களை வாசித்துவிட்டு அதனை வாசிப்பவருக்கு அறுபது ஆண்டு இடைவெளி தெரியாது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நமது பத்திரிகைகளில் அது முன்பக்கச் செய்தி. இறக்காமல், ஏச்சு வாங்கித் தனியே கிடந்து பெற்றவள் எந்தப் பக்கத்துக்கும் செய்தியல்ல. மரண விகிதத்தைக் குறைத்த பெருமை நமது சுகாதாரத் துறைக்கு உண்டு. அந்தப் பெருமையே இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமலும் தடுத்துவிட்டது என்பது எனது துணிபு.

தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்ணுக்கும் வடக்குக் கிழக்குக்கு வெளியே பெற்றெடுக்கும் பெண்ணுக்கும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உன்னாமல் இரு, இப்போது உன்னு என்ற இரண்டு கட்டளைகளையும் அறியாத மொழியில் கேட்பவள், எதனைச் செய்வது? அவளருகே நிற்கும் தாயோ தமக்கையோ அங்கே துணை மட்டுமல்ல, மொழிபெயர்ப்பாளரும்கூட.

2020 இல் கொவிட் தொற்று பரவியபோது உலகெங்கும் வைத்தியசாலைகள் முதலில் வெளியேற்றியவர்களுள் பிரசவத் துணைவரும் இருந்தனர். நியூயோர்க்கில் சில வைத்தியசாலைகள் அவ்வாறு தடைவிதித்தபோது, அந்த மார்ச் மாதத்திலேயே மாநில ஆளுநரின் உத்தரவு துணையை மீண்டும் உள்ளே அனுப்பியது. துணை என்பது பார்வையாளர் அல்ல, பராமரிப்பின் ஒரு பகுதி என்று வாதிடுவதற்கு அங்கே நான்கு தசாப்த கால ஆய்வுகள் கையிலிருந்தன.

அந்த ஆய்வுகள் எல்லாம் நமது சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும் கிடைக்கக்கூடியவையே. ஆட்சேபமாகச் சொல்லப்படுபவை இடநெருக்கடியும், அடுத்த கட்டிற்காரியின் மறைவும். கட்டில்களுக்கிடையே தொங்கவிட வேண்டியது ஒரு திரைச்சீலை, பக்கத்தில் போட வேண்டியது ஒரு கதிரை. அது போடப்படாத விடுதிகளில், பிள்ளை பெற வந்தவளின் தாய் இன்னும் விறாந்தை வாங்கில் சுடுதண்ணீர்ப் போத்தலுடன் உட்கார்ந்து, உள்ளேயிருந்து கேட்கும் குரல் தன் மகளுடையதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.